நேபாளத்தில் குழந்தைகள் இல்லம் வரைந்து கட்டும் தன்னார்வப் பயணம்: பணம் கட்டிப் போகலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுக்கப் படிக்க நேரம் இல்லாதவர்களுக்காக. வரைபட வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. தளத்து வேலைக்கு, அதாவது கட்டுமான இடத்தில் நடந்த வேலைக்கு, ஐந்துக்கு இரண்டு. குழந்தைகள் விஷயத்தில் நடந்துகொண்ட விதத்துக்கு நாலு கொடுப்பேன், ஒன்று ஏன் குறைந்தது என்று கீழே வரும். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இதே மாதிரி சேவை நடத்துகிற பலரிடமும் இதே குணமும் இதே குறையும் இருக்கின்றன. ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

சேவை இப்படித்தான். கட்டடக்கலை, சிவில், மின்சாரம், தச்சு என்று ஏதாவது ஒரு கை வேலை தெரிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம், தெரியாதவர்களையும் எடுக்கிறார்கள். ஒரு கட்டணம் கட்ட வேண்டும், விமானச் செலவு தனியாக நம்முடையது. முதல் கட்டம் முழுக்க வீட்டிலிருந்தபடியே வீடியோ அழைப்பில் வரைபட வேலை. இரண்டாவது கட்டத்தில் நேபாள மலைப்பகுதியில் உள்ள ஒரு கிராமத்துக்குப் போய்க் கட்டுமானத்தில் சேர்ந்துகொள்கிறோம். அங்கே ஒரு உள்ளூர் அமைப்பு ஏற்கெனவே இல்லம் நடத்துகிறது, 2015 நிலநடுக்கத்தில் விரிசல் விட்ட பழைய கல் கட்டடத்தில். அதற்குப் பதிலாகப் புதுசு.

வரைபடக் கட்டத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. எனக்குக் கட்டமைப்புக் கணக்கு போடுவதுதான் தொழில், ஆனாலும் குழந்தைகள் தூங்குகிற கட்டடம் என்பது தனி வகை என்று இவ்வளவு அழுத்தமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் குழுவை நடத்திய நேபாளப் பொறியாளர் முதல் கூட்டத்திலேயே இரண்டு நிலநடுக்கங்களை அருகருகே வைத்துப் பேசினார். 2015 ஏப்ரல் 25, நிலநடுக்க அளவு 7.8, ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். நடந்தது சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால். நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் அவற்றுக்குள் பிள்ளைகள் இல்லாமல் போனது அதனால்தான். அடுத்தது 2023 நவம்பர் 3, மேற்கு நேபாளத்தில் ஜாஜர்கோட் பக்கம். அளவில் அதைவிட மிகச் சிறியது, ஆனால் வந்தது நள்ளிரவுக்குச் சற்று முன், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். 150 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பாதிக்குப் பக்கம் குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டு, விடுதிக்குக் கிடையாது, ஒவ்வொரு ராத்திரியும் உள்ளே ஆள் இருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு கோடு போடுங்கள் என்றார் அவர். அதற்குப் பிறகு நாங்கள் போட்ட ஒவ்வொரு கோட்டிலும் அந்தக் கணக்கு இருந்தது.

உதாரணத்துக்கு, மலைப்பகுதி வீடுகளில் பக்கச் சுவர் கூரை வரை முக்கோணமாக ஏறும் இல்லையா, அந்த முக்கோணம் கல்லால் கட்டியதாக இருந்தால் நடுக்கத்தில் முதலில் சரிவது அதுதான், அதன் அடியில் படுக்கை போட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் முக்கோணப் பகுதியை மரச்சட்டமும் தகரமுமாக இலேசாக்கினோம், அது போதாதென்று அந்தச் சுவரை ஒட்டிக் கட்டில் போட முடியாதபடி அலமாரிகளை அங்கே வைத்தோம். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும், ஒவ்வொரு தூங்கும் அறைக்கும் இரண்டு வழி. ஜன்னல் கம்பி வேண்டும் என்று இல்லத்தார் கேட்டார்கள், நியாயமான பயம்தான், அதனால் ஒரு ஜன்னலில் மட்டும் உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கம்பிக் கதவு. தண்ணீர்த் தொட்டி கூரைமேல் வேண்டாம், மேட்டுப்பக்கம் தரையிலேயே தனி மேடையில் இருந்தால் போதும், சரிவில் தானே இறங்கி வரும், தலைக்கு மேல் அவ்வளவு பாரம் எதற்கு.

சுவர் விஷயத்தில் அங்கே புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை, நேபாளக் கட்டுமான விதிகளே தெளிவாக இருக்கின்றன. அஸ்திவாரத்துக்கு மேலே ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று, கதவு ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று என்று வீட்டைச் சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். பெட்டியைக் கயிற்றால் கட்டுகிற மாதிரி. மூலைகளில் செங்குத்துக் கம்பி. பில்லர் கம்பியைச் சுற்றி மாட்டும் ரிங்குகளின் நுனியைத் தொண்ணூறு டிகிரியில் விட்டுவிடாமல் 135 டிகிரிக்கு மடக்கி உள்ளே செருக வேண்டும், குலுங்கும்போது பிரிந்து வராமல் இருப்பதற்கு. இந்த ஒரு மடிப்பை எத்தனை தளங்களில் விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு, இங்கே அதை வரைபடத்தில் பெரிதாகத் தனிப்படமாகப் போட்டுச் சுவரில் ஒட்டியதைப் பார்த்தது சந்தோஷம்.

அப்புறம் பிள்ளைகளிடமே கேட்டோம். நேரடியாக இல்லை, பராமரிப்பாளர்கள் வழியாக, அதுதான் சரியான முறையும்கூட. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு வந்த பதில்களில் விளையாட்டு மைதானம் முதலிடத்தில் இருக்கும் என்று நினைத்தோம். இல்லை. பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி, தனக்கே தனக்கு. ராத்திரியில் கழிப்பறைக்கு முற்றம் தாண்டிப் போக வேண்டாத வீடு. மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. தகரத்துக்கு அடியில் மூங்கில் பாய் வைத்து ஒரு உள்கூரை கொடுத்தோம், சத்தமும் குறையும், குளிரும் குறையும். ஜன்னல்களைத் தெற்குப் பக்கம் பெரிதாக வைத்தோம், அந்த மலையில் குளிர்கால வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். இவையெல்லாம் அதிகச் செலவு இல்லாதவை. ஆனால் யாராவது உட்கார்ந்து கேட்டு வரைந்தால்தான் கட்டடத்துக்குள் வரும்.

இந்தச் சேவையை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம் இனிமேல் வருவதுதான். முதலில் கொடுத்த தேவைப் பட்டியலில் ஒரு பெரிய கூடமும் அடுக்குக் கட்டில்களும்தான் இருந்தன, நாற்பது பிள்ளைகளுக்கு. குழுவில் இருந்த ஒரு சமூகப் பணியாளர், அந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள் என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பதில் வர ஒரு வாரம் ஆனது, வந்ததும் எல்லோருக்கும் புரிந்தது, பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்.

இது ஏதோ அந்த ஒரு இல்லத்தின் கதை இல்லை. நேபாளத்தில் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார் என்பது அங்கே இந்த வேலையில் உள்ள அமைப்புகள் பல வருடங்களாகச் சொல்லிவரும் கணக்கு. இல்லங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ஐந்தே மாவட்டங்களில் குவிந்திருக்கின்றன: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன். நாட்டில் மொத்தம் 77 மாவட்டங்கள். அந்த ஐந்தும் ஏழ்மை அதிகமான மாவட்டங்கள் இல்லை, சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகும் மாவட்டங்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா மாதிரியான தொலைதூர மலை மாவட்டங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம், பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்து தலைநகரத்து இல்லங்களில் விட்டார்கள். கம்போடியாவிலும் இதே போக்கு, 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது என்று யுனிசெஃப் ஆய்வு 2011இல் சொன்னது, அங்கும் முக்கால்வாசிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் இருந்தார். கட்டில் போட்டால் பிள்ளை வரும், வந்தால் நன்கொடை வரும், நன்கொடை வந்தால் இன்னொரு கட்டில். கட்டித் தர வருகிற நாமும் இந்தச் சுழற்சியில் ஒரு பகுதி என்பதை உணராமல் எந்தத் தன்னார்வலரும் அளவுநாடாவை எடுக்கக் கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

பல நிறுவனங்கள் இந்த இடத்தில் கேள்வியை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கும். இவர்கள் நிறுத்தினார்கள். உள்ளூர் அமைப்போடு உட்கார்ந்து பேசித் திட்டத்தையே மாற்றினார்கள். பெரிய கூடம் போய், வீட்டுக்கு எட்டுப் பிள்ளைகளும் நிரந்தரமாக ஒரே பராமரிப்பாளரும் இருக்கும் இரண்டு சின்ன வீடுகள் வந்தன, உண்மையிலேயே போக இடம் இல்லாத பிள்ளைகளுக்காக. மிச்சப் பணத்தில் பெற்றோர் வந்து ஒரு ராத்திரி தங்கிப் போக ஒரு அறை. மற்ற பிள்ளைகளை ஊருக்குத் திருப்பி அனுப்பி, அங்கே படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ள ஒரு நிதி. வீடுகளையும் நாளைக்குப் பிள்ளைகள் குறைந்தால் சுகாதார நிலையமாகவோ ஆசிரியர் குடியிருப்பாகவோ மாற்றக்கூடிய அளவில் வரைந்தோம். 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்கள் இதைத்தான் சொல்கின்றன: குடும்பத்திலேயே வைத்திருப்பது முதல் வழி, மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குடும்பச் சூழல்தான். கட்டடம் சின்னதானதில் எங்கள் குழுவில் சிலருக்கு வருத்தம், வரைந்த பெரிய கூடத்தின் மேல் ஆசை வைத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் அந்தத் திட்டத்தின் மிக நல்ல வரைபடத் திருத்தம்.

சரி, தளத்துக்கு வருவோம்.

இங்கே ஏன் இரண்டு? 2015க்குப் பிறகு நேபாள அரசு வீடு இழந்த குடும்பங்களுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தது, அடுத்த தவணை வேண்டுமென்றால் முந்தைய கட்டத்தை விதிப்படி கட்டியிருக்க வேண்டும், பொறியாளர் வந்து பார்ப்பார். அதனால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற கொத்தனார்கள் இருக்கிறார்கள். எங்கள் தளத்தில் இருந்த மேஸ்திரிக்குப் பட்டை எங்கே ஓட வேண்டும், மூலையில் கம்பி எப்படி வளைய வேண்டும் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும், கையால் பல வீடுகள் கட்டியவர். அவருக்குக் கீழே வேலை தேடி நிற்கும் இளைஞர்கள் அதே ஊரில் இருந்தார்கள். அந்த நிலையில், கரணையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத ஒரு பெரிய குழு விமானம் ஏறி வந்து கல் சுமப்பதற்கு என்ன அவசியம்? ஒருவருடைய பயணச் செலவில் அங்கே ஒரு கொத்தனாருக்குப் பல வாரக் கூலி கொடுத்துவிடலாம். அதுவும் அந்தக் கூலி அந்த ஊரிலேயே ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துச் சாப்பாடு போட உதவும் பணம். இல்லத்துக்குப் பிள்ளை வருவதற்குக் காரணமே அந்தக் கூலி இல்லாததுதான் என்று யோசித்தால் மனசு கனத்துவிடுகிறது.

தன்னார்வலர்களால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கான்கிரீட் போடுவதற்கு முன் ஒவ்வொரு மூலைக் கம்பியையும் படம் எடுத்துப் பதிவு செய்தோம், அந்தப் பதிவு பின்னால் யார் வந்து பழுது பார்த்தாலும் உதவும். புதுக் கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் நீராற்றும் வேலையை முறை வைத்துச் செய்தோம், காலையும் மாலையும் சாக்கை நனைத்துப் போட்டு, ஒரு நாள்கூட விடாமல். மின்சாரம் தெரிந்த ஒரு பெண் உள்ளூர்ப் பையன்கள் இருவரைக் கூடவே வைத்துக்கொண்டு முழு வயரிங்கையும் செய்தார், இப்போது அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்த மாதிரி வேலைக்குத் திட்டமிட்டு, தெரிந்த ஆட்களாக நாலைந்து பேரை மட்டும் அனுப்பியிருந்தால் நான் தளத்துக்கும் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

எனக்குக் கோபம் வந்தது ஒரு விஷயத்தில். வேலையின் நாட்காட்டியைக் கான்கிரீட் தீர்மானிக்க வேண்டும், விமான டிக்கெட் இல்லை. குழு கிளம்புவதற்கு முன் ஒப்படைப்பு விழாவும் படமும் வேண்டும் என்பதற்காக, ஜன்னலுக்கு மேலே வார்த்த லிண்டலுக்குக் கீழே கொடுத்திருந்த முட்டுகளை இரண்டு நாளில் எடுத்துவிடச் சொன்னார் ஒருங்கிணைப்பாளர். அது ஒரு வாரமாவது நிற்க வேண்டும், இரண்டு வாரம் நின்றால் இன்னும் நல்லது. நேபாளப் பொறியாளர் ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிட்டார், முட்டுகள் நின்றன, படத்திலும் அவை தெரியும். ஆனால் அவர் அன்றைக்குத் தளத்தில் இல்லாமல் இருந்திருந்தால்? குழந்தைகள் தூங்கப்போகிற அறை அது. இந்த மாதிரி முடிவு எடுக்கும் அதிகாரம் பயண ஏற்பாடு செய்கிறவர் கையில் இருக்கவே கூடாது, ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

விசா விஷயமும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. மற்ற நாட்டவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்திலேயே சுற்றுலா விசா வாங்குகிறார்கள், அந்த விசாவில் சம்பளம் வாங்காமல் வேலை செய்தாலும் அது நேபாளச் சட்டப்படி தவறு. எங்களோடு வந்த சிலரிடம், வந்த காரணம் கேட்டால் சுற்றுலா என்று சொல்லுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். அனுமதி வாங்குவது கஷ்டமாக இருக்கலாம், அதற்காகப் பொய் சொல்லச் சொல்வதை ஏற்க முடியாது. உங்களிடமும் அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளோடு பழகும் விதிகள் மிகக் கறாராக இருந்தன, அதற்கு நன்றி. போலீஸ் சரிபார்ப்புச் சான்று இல்லாமல் யாரையும் எடுக்கவில்லை. கட்டுமான இடத்துக்கும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கும் இடையே வேலி, தனியாக யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது, படம் கூடாது, பரிசு கூடாது. சிலருக்கு இது ஏமாற்றம், பிள்ளைகளோடு விளையாடத்தான் வந்தோம் என்றார்கள். சில வாரம் வந்து அன்பு காட்டிவிட்டுப் போகும் அந்நியர்கள் வரிசையாக மாறிக்கொண்டே இருந்தால் ஒரு பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஏமாற்றம் பெரிதாகத் தெரியாது. 2019 டிசம்பரில் ஐநா பொதுச்சபைத் தீர்மானமும் இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்கை வெளிப்படையாகக் குறிப்பிட்டது. இவ்வளவு சரியாக நடந்துகொண்டவர்கள் தங்கள் விளம்பரத்தில் மட்டும் ஒரு பிள்ளையின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு மதிப்பெண் அங்கே போனது. எடுக்கச் சொல்லி எழுதினேன், எடுத்துவிட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தாய்லாந்தில், மியான்மர் எல்லையை ஒட்டிய நோ போ என்ற ஊரில், மியான்மரிலிருந்து வந்த கரேன் இன அகதிக் குழந்தைகளுக்காக நார்வேயைச் சேர்ந்த டீன் தெக்னஸ்துவே என்ற கட்டடக்கலை மாணவர் குழு 2009இல் ஆறு சின்னத் தூங்கும் வீடுகளைக் கட்டி முடித்தது. பக்கத்திலேயே வெட்டிய மூங்கில், உள்ளூர் வீடுகளில் பின்னும் அதே பின்னல், பழைய டயருக்குள் கான்கிரீட் ஊற்றிய அஸ்திவாரம் ஈரம் ஏறாமல் இருக்க, காற்றும் போக மழைநீரும் சேர இறக்கை மாதிரி விரிந்த கூரை. அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை, ஏறக்குறைய அரை வருடம் அங்கேயே இருந்து உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து கட்டினார்கள். வரைந்தவரே அவ்வளவு காலம் தங்கினால் தவறை அங்கேயே பார்த்துத் திருத்தலாம். சில வாரப் பயணத்தில் அது நடக்காது.

நீங்கள் போவதாக இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை எனக்குத் தெரிந்த வரையில் இவை. அந்த இல்லம் நேபாள அரசிடம் பதிவு செய்யப்பட்டதா, பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் உண்டு, அவர்களைத் திருப்பி அனுப்ப என்ன செய்கிறார்கள். தளத்தில் கடைசி வார்த்தை யாருடையது, உள்ளூர்ப் பொறியாளருடையதா. என் கட்டணத்தில் கொத்தனார் கூலிக்கு எவ்வளவு. மழைக்காலம் ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை போகும், அந்த மாதங்களில் அடித்தளம் தோண்டக் கூப்பிட்டால் ஏன் என்று கேளுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கூரை ஒழுகினால் யார் பணம் கொடுப்பார்கள் என்பதையும். எங்கள் நிறுவனத்திடம் இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லாமல் இருந்தது, இப்போது பராமரிப்புக்கென்று தனி ஒதுக்கீடு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த குழுவிலிருந்து, பயணமே இல்லாமல் வரைபடக் கட்டத்தில் மட்டும் சேரும் வாய்ப்பும் தரப்போகிறார்களாம், விமானச் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் விரும்பினால் அதை உள்ளூர்க் கூலி நிதிக்குக் கொடுக்கலாம். அதில் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன். கம்பி, மின்சாரம், குழாய் வேலை தெரிந்து, நீண்ட நாள் தங்கிக் கற்றுக்கொடுக்கவும் முடிந்தவர்கள் தளத்துக்குப் போங்கள். மற்றவர்கள் வரைபடத்துக்கு வாருங்கள், அங்கே ஆள் போதவில்லை.